வடிகால் வெட்டிய கோடை

அக்கா,

இன்று காலை வாய்க்கால் கரையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துப் பானைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். ஆரஞ்சு வாசனை போட்ட பொட்டலம். வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கழுவியும் அந்த வாசனை விரலிடுக்கை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு குழந்தைக்கு அதே பொட்டலத்தை டம்ளரில் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த வாசனை என்றால் நீதான்.

இப்போது மத்தியானம். கரண்ட் இல்லை. பழைய காலண்டர் அட்டையால் ஒரு கையில் விசிறிக்கொண்டு இன்னொரு கையால் எழுதுகிறேன். தூங்கலாம் என்று படுத்தேன், பாய் சுட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேசி ரொம்ப நாளாகிறது.

ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் நாம் இரண்டு பேரும். நீ அண்ணனுக்கு, நான் தம்பிக்கு. ஓரகத்திகள் என்றால் சண்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. நாமும் ஊரை ஏமாற்றவில்லை. அடுப்பைப் பிரித்தோம், கொல்லையைப் பிரித்தோம், நடுச்சுவரில் யார் வறட்டி தட்டுவது என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தோம். பிறகு ஒரு ஐப்பசியில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து அந்த மண்சுவர் கரைந்து விழுந்தது. பிரித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. வடியும்வரை பள்ளிக்கூட மாடியில் ஒரே பாயில் படுத்திருந்தோம். திரும்பி வந்தபோது நீ ஒரே அடுப்புத்தான் போட்டாய். என்னிடம் கேட்கவும் இல்லை.

நம் ஊரின் கிடப்பு அப்படி. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலுக்குக் கிட்டத்தில், தாம்பாளம் மாதிரி. மேற்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாறு நிரம்பினால் அந்தத் தண்ணீர் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடலும் ஏறியிருந்தால் அதற்குப் போக வழியில்லை. கீழத்தெருவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னெல்லாம் எப்போதாவது வரும் என்றார்கள் பெரியவர்கள். நாம் வாழ வந்தபிறகு வராத வருசத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு மாதத்துக்கான மழை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும்.

அதனால்தான் அந்தப் பேரிடர்க் குழுவில் சேர்ந்தோம். ஊருக்கு ஊர் பெண்களைச் சேர்க்கிறார்கள், ஆரஞ்சு கலர் சட்டையும் கையில் பிடிக்கிற மைக்கும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி. தண்ணீரில் விழுந்தவரை எப்படித் தூக்குவது, கர்ப்பிணிகளை எப்படி முதலில் அனுப்புவது, எல்லாம் சொன்னார்கள். பயிற்சி கொடுத்த பெண் அடிக்கடி தகவமைப்பு, தகவமைப்பு என்றாள். நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால் நீ என் காதில் பொருள் கேட்டாய். காலம் மாறிப்போச்சுன்னா அதுக்கு ஏத்த மாதிரி நாமளும் மாறி இருந்துக்கறது என்றேன். நீ தலையாட்டிவிட்டு, "மாமியார் வூட்டுல இருக்குற மாதிரின்னு சொல்லு" என்றாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

அதே மண்டபத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெண் வெயிலைப் பற்றியும் சொன்னாள். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு வியர்வை நின்றுபோனால் ஆபத்து, பேச்சு குழறினால் உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும் என்றாள். எல்லோருக்கும் எலுமிச்சை சாதத்தின் தூக்கம். நீ மட்டும் கையைத் தூக்கி, "புயலுக்கு ஷெல்டர் கட்டி வச்சிருக்கீங்க. வெயிலுக்கு எந்த ஷெல்டருக்குப் போறது?" என்று கேட்டாய். மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். வெயில் என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி, அதற்கு ஒரு பயிற்சியா என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

தண்ணீர் விஷயத்தில் உன்னை யாரும் அசைக்க முடியாது. கீழத்தெருக் கடைசியில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தாரே, ஒவ்வொரு புயலுக்கும் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வார். எல்லோரும் அவருக்குப் பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நீதான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்து, ஆடுகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு வர மனமில்லாமல்தான் வரவில்லை என்று கண்டுபிடித்தாய். அந்த வருசம் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டே ஷெல்டருக்கு வந்தாய். அங்கே பொறுப்பில் இருந்தவர் உள்ளே விடமாட்டேன் என்றார். நீ மழையில் நனைந்துகொண்டே நிதானமாகச் சொன்னாய். "ஆட்ட வுட்டுட்டு அவரு வரமாட்டாரு. அவர வுட்டுட்டு நான் வரமாட்டேன். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க." அவர் மாடிப்படி வளைவில் இடம் ஒதுக்கினார். ராத்திரி முழுக்க ஆட்டு மூத்திர நாற்றம் என்று சனங்கள் உன்னைத் திட்டினார்கள். அடுத்த புயலுக்குக் கீழத்தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் சொன்னவுடன் கிளம்பினார்கள், ஆடு மாடுகளோடு.

ஆனால் ஓடிப்போய் ஒளிந்துகொள்வது மட்டும் போதும் என்று நீ நினைக்கவில்லை. ஊருக்குக் கிழக்கே உப்பனாற்றில் போய்ச் சேரும் வடிகால் வாய்க்கால் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டி மேடாகிக் கிடந்தது. அது திறந்திருந்தால் தண்ணீர் வரும், ஆனால் நிற்காது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நீ என்னை மனு எழுதச் சொன்னாய். மனு எழுதுவது என் வேலை, பேசுவது உன் வேலை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கடலூர் பஸ் ஏறினோம். ஒரு திங்கள் அல்ல, எத்தனையோ திங்கள். கடைசியாக ஒருநாள் ஒரு அதிகாரி உன்னை உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார். நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "வருசா வருசம் படகுல வந்து சோத்துப் பொட்டலம் குடுக்குறீங்க சார். நல்ல மனசுதான். ஆனா தண்ணி போறதுக்கு வழி குடுத்தா நாங்களே எங்க வூட்டுல ஆக்கித் தின்னுப்போம்."

நூறு நாள் வேலையில் வாய்க்காலை வெட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அன்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டிப் பலாச்சுளை வாங்கினாய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தோம். கை பிசுபிசுவென்று ஒட்டியது. ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். அவ்வளவு சந்தோசமாக உன்னை நான் பார்த்தது குறைவு.

அந்தக் கோடையை எப்படிச் சொல்வது? சித்திரை வெயில் புதிதில்லை. ஆனால் அந்த வருசம் ராத்திரியும் ஆறவில்லை. கடல் காற்று வந்தது, வந்து உடம்பில் கஞ்சி மாதிரி அப்பியது. வாய்க்கால் கரையில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. இருந்ததெல்லாம் பழைய புயலில் விழுந்தவை. புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்குவோம். காலையில் ஒரு போட்டோ, மத்தியானத்துக்குமேல் ஒரு போட்டோ எடுத்தால்தான் அன்றைய வேலை கணக்கில் ஏறும். அதனால் உச்சி வெயிலில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நடுநடுவே மற்றவர்கள் கரையில் உட்காருவார்கள். நீ உட்காரமாட்டாய். பிடித்த மூலையை முடிக்காமல் மண்வெட்டியைக் கீழே வைக்க உனக்குத் தெரியாது.

அன்று கத்திரி நடந்துகொண்டிருந்தது. உன் முகம் சிவந்து காய்ந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்க, உன் சட்டை மட்டும் உலர்ந்திருந்தது. அது எதன் அடையாளம் என்று அங்கே இருந்த ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. வந்து உட்காருக்கா என்று கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல, இந்தக் கோடிய முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாய். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றாய். நான் இறங்கி வந்து உன் கையைப் பிடித்தபோது அது அடுப்புக்கல் மாதிரி சுட்டது. நீ என்னைப் பார்த்தாய், ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. "படகு வந்துருச்சா?" என்று கேட்டாய். "ஆட்டயெல்லாம் ஏத்தியாச்சா?"

சொட்டுத் தண்ணீர் இல்லாத வாய்க்காலில் நின்றுகொண்டு கேட்டாய், அக்கா.

ஒரு லோடு ஆட்டோவில் போட்டுச் சிதம்பரம் கொண்டுபோனோம். உன் தலை என் மடியில். கிள்ளை ரோட்டில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தார்கள், பாட்டில் ஏற்றினார்கள், செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். உன் வீட்டுக்காரர், மாமா, கரும்பு வெட்டுக்கு நெல்லிக்குப்பம் பக்கம் போயிருந்தார். அவரும், புவனகிரியில் கட்டிக்கொடுத்த உன் மகளும் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், உடம்பின் சூடு மூளைவரை ஏறிவிட்டது என்றார். எத்தனை தண்ணீரிலிருந்து எத்தனை பேரைக் கரையேற்றியவள் நீ. வெயிலில் போவாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

காரியம் முடிந்த அன்று மாமா எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "இனிமே அந்த வாய்க்கா பக்கம் இந்த வூட்டு ஆளுங்க யாரும் கால வெக்கக் கூடாது." நம் வீட்டில் யாரும் போகவில்லை. மற்றப் பெண்களும் போகவில்லை. வாய்க்கால் பாதியில் நின்றது.

அந்த ஐப்பசியிலும் மழை வந்தது. நாம் வெட்டிய தூரம்வரை தண்ணீர் ஓடியது. மேலத்தெரு அன்றே வடிந்தது. வெட்டாமல் விட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்று, மேலத்தெருத் தண்ணீரையும் சேர்த்துக் கீழத்தெருவுக்குள் தள்ளியது. நம் வீட்டுக்கு முன்னைவிட அதிகம். பாதி வெட்டிய வாய்க்கால் வெட்டாத வாய்க்காலைவிட மோசம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. இதை முடிக்காமல் தீராது, முடிக்கிறதும் நான்தான் என்று தெரிந்துபோன அலுப்பு.

தையில் மாமாவிடம் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். கோடையில் வாய்க்கால் வேலைக்குப் போகிறேன், ஆனால் வெயிலில் வேலை செய்யமாட்டேன், யாரையும் செய்ய விடமாட்டேன் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என் அடுப்புச் சோற்றை அவர் தொடவில்லை. டீக்கடையில் இட்லி, யார் வீட்டிலாவது கஞ்சி. லாரியில் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் போனில், அண்ணன் பேச்சைக் கேள் என்றார். கேட்கிற நிலையில் நான் இல்லை.

கடலூருக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்று உனக்குத் தெரியும். எழுதிக் கொண்டுபோனதைப் பார்த்து வாசித்தேன். விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிட வேண்டும். மத்தியானப் போட்டோ வேண்டாம். ஒரு பந்தலும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். இவ்வளவுதான். அங்கே இருந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். பந்தல் போட்டுக்கொள்ளலாம், நேரத்தை மாற்றுவது தன் கையில் இல்லை, மேலே எழுதுகிறேன் என்றார். காகிதத்தை மடித்துவிட்டுத்தான் பேசினேன். "முன்னாடி ஒரு பயிற்சியில எங்க அக்கா கேட்டாங்க, வெயிலுக்கு எந்த ஷெல்டருக்குப் போறதுன்னு. அவுங்க இப்ப இல்ல. கேள்வி மட்டும் இருக்குது" என்றேன். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

உத்தரவுக்குக் காத்திருந்தால் ஐப்பசி வந்துவிடும். நாங்களே நேரத்தை மாற்றிக்கொண்டோம். இருட்டு பிரியும்போது இறங்குவோம். வெயில் முதுகில் சுள்ளென்று படும்போது ஏறிவிடுவோம். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, அந்த இரண்டாவது போட்டோவுக்காக மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கரைக்கு நடப்போம். வேலை செய்யாமல் நிற்பதற்காக வெயிலில் நடந்தோம். சிரிக்கிறாயா? நாங்களும் சிரித்தோம். பந்தலுக்குத் தென்னங்கீற்று நாங்களே முடைந்தோம். நேரம் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது, கோடை முடிந்து காற்று திரும்பியபிறகு. ஆனால் வந்தது. வாய்க்காலும் உப்பனாறுவரை போய்ச் சேர்ந்தது.

போன ஐப்பசியில் தண்ணீர் வந்தது, அக்கா. வராமல் இருக்காது. வாசற்படி ஏறியது. ஷெல்டருக்கும் போனோம். ஆனால் இரண்டாம் நாள் திரும்பியபோது தெருவில் சேறுதான் இருந்தது. மாமா வீட்டுக்குள் வரவில்லை. நேராக வாய்க்காலுக்குப் போய்விட்டார். சாயந்தரமாக வந்து, அடுப்படி வாசலில் நின்று, "தண்ணி போவுது" என்றார். நான் தட்டை எடுத்து வைத்தேன். சாப்பிட்டார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். கைப்பம்புத் தண்ணீர் இப்போது கோடையில் கரிக்கிறது. மாமா வயலில் ஒரு பக்கம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. உப்பைத் தாங்கும் நெல் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், போட்டுப் பார்க்க வேண்டும். வாய்க்காலில் காட்டாமணக்கு மறுபடியும் தழைத்துவிட்டது, வருசா வருசம் வெட்ட வேண்டும். முன்னெல்லாம் வருசத்தில் இரண்டு மாசம் பயந்தால் போதும். இப்போது சித்திரைக்கு ஒரு பயம், ஐப்பசிக்கு ஒரு பயம், நடுவில் குடிதண்ணீருக்கு ஒரு பயம். பயிற்சிக்குக் கூப்பிட்டால் போகிறேன். புதுப்புதுச் சொல்லாகச் சொல்கிறார்கள், எழுதிக்கொள்கிறேன். சில நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உன் மகள் வீட்டுப் பக்கம் மேட்டு ஊருக்குப் போய்விடலாமா என்றிருக்கிறது. பிறகு விடிகிறது, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

இந்தக் கோடையில் வேலை தொடங்கிய முதல் நாள் மாமா கரைக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். நீ நின்ற இடத்துக்கு நேரே கரையில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு நேரமும் எங்களைப் பார்க்கவில்லை, கிழக்கே சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது பனைகளுக்கு மேலே ஏறியதும் எழுந்து நின்று குரல் கொடுத்தார்.

"போதும். எல்லாரும் கரையேறுங்க."

அன்றிலிருந்து தினமும் வருகிறார். இன்றும் வந்தார். அவர் குரல் வந்தால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. இன்னும் ஒரு கூடை, இன்னும் ஒரு கோடி என்று ஒருத்தியும் சொல்வதில்லை. யாராவது தயங்கினால் அவரே இறங்கி வந்து மண்வெட்டியைக் கையிலிருந்து வாங்கிவிடுவார். இன்று காலை அவர் கூப்பிட்டபோது என் கூடையில் பாதி மண் இருந்தது. இன்னும் நாலு வெட்டு வெட்டினால் அந்த மூலை முடிந்திருக்கும். கை தானாக மண்வெட்டிக்குப் போனது. அது உன்னிடமிருந்து எனக்கு வந்த கை. கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு ஏறினேன்.

உன்னோடு இருந்த காலத்தில் உன்னிடம் கற்றுக்கொண்டது நிறைய. இதை மட்டும் நீ போனபிறகு கற்றுக்கொண்டேன். எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் நடக்கிறேன், அக்கா. என்னோடு எல்லோரையும் எண்ணிக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன்.